கந்தலுக்குப் பிறக்காத போர்வை

அமெரிக்கப் பேட்ச்வொர்க் குயில்ட் பற்றி எங்கு போனாலும் ஒரே கதைதான் சொல்கிறார்கள். கடல் தாண்டிக் குடியேறியவர்களிடம் துணி இல்லை, குளிரோ கடுமை. கிழிந்த சட்டையையும் பாவாடையையும் வெட்டி, தேறிய துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துப் போர்த்திக்கொண்டார்கள்; இல்லாமையே கலையாயிற்று. கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கதைக்கு வயது அதிகமில்லை. 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திர நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்தபோது, காலனிக் காலத்து அடுப்பங்கரை ஒன்றைப் பொருட்காட்சிக்குள்ளேயே அமைத்து வேடிக்கை காட்டினார்கள். ஆலைச் சங்குக்கு எழுந்து பழகிய தலைமுறைக்குப் பாட்டி வீட்டு ராட்டையும் போர்வையும் ஏக்கப் பொருள்களாகிவிட்டிருந்தன. 1915இல் மேரி வெப்ஸ்டர் குயில்ட் வரலாற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1929இல் ரூத் ஃபின்லி இன்னொன்று எழுதினார். இரண்டிலும் இன்றைக்கும் பயன்படும் செய்திகள் உண்டு. ஆனால் கந்தல் கதை அச்சேறி, பாடப்புத்தகம் போல ஊரெல்லாம் ஒப்பிக்கும் நிலைக்கு வந்ததில் இவற்றுக்கு, குறிப்பாகப் பின்னதற்கு, பங்குண்டு. உண்மையில் அமெரிக்கக் குயில்ட் என்று நாம் அடையாளம் காணும் வடிவம், அதாவது ஒரே அளவுச் சதுரக் கட்டங்களைத் தனித்தனியாகத் தைத்து முடித்து, பிறகு வரிசையாகச் சேர்க்கும் முறை, பற்றாக்குறையில் பிறக்கவே இல்லை. மலிவுத் துணியும் அச்சுத்தொழிலும் வெட்டும் கருவியும் அடுத்தடுத்து அதை உருவாக்கின. இதற்குச் சாட்சி வேண்டுமானால் கட்டத்தின்மேல் அளவுநாடாவை வைத்துப் பார்த்தால் போதும்.

முதலில் துணியின் கணக்கு. துண்டுகளை இணைக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்கென்று கால் அங்குலம் உள்ளே போகிறது. தைத்து முடித்தபின் 3 அங்குலச் சதுரம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால், 3½ அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும். வெட்டிய துணியின் பரப்பு 12¼ சதுர அங்குலம், மிஞ்சுவது 9. கால் பங்குக்கும் மேல் தையலுக்குள் மறைந்துவிடுகிறது. சதுரம் சிறுக்கச் சிறுக்க நட்டம் கூடும்: ஒன்றரை அங்குலச் சதுரத்துக்கு 2 அங்குலத் துணி தேவை, அதில் ஏறக்குறைய பாதி உள்ளே போய்விடும். நூல் செலவு வேறு. துணிக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு உள்ள இடத்தில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். வங்காளத்துக் கந்தாவைப் பார்க்கலாம். நைந்த புடவைகளை வெட்டாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுவிடுகிறார்கள்; துணி ஓர் அங்குலமும் வீணாவதில்லை. சிக்கனம் கையிலெடுக்கும் வழி அது. துணியைப் பொடிப்பொடியாக நறுக்கி மறுபடி சேர்ப்பது, வெட்டத் துணியும் தைக்க நேரமும் உள்ள வீட்டின் வேலை.

ஆவணங்களும் இதையே சொல்கின்றன. காலனிகளில் ஒருவர் இறந்தால் வீட்டுச் சாமான்களை விலையோடு பட்டியலிட்டுப் பதிவு செய்வார்கள். 1980இல் கலிபோர்னியாவில் அமெரிக்கக் குயில்ட் ஆய்வுக் குழுவைத் தொடங்கியவர் சாலி கரூட். அவர் இந்தப் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்தபோது, எல்லார் வீட்டுக் கட்டிலிலும் கிடந்திருக்க வேண்டிய குயில்ட் அபூர்வமாகவே தென்பட்டது. தென்பட்ட இடங்களிலும் வசதியான வீடுகளில், கம்பளிப் போர்வையைவிட உயர்ந்த மதிப்போடு இருந்தது. சாதாரணக் குடும்பங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கின்றன. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுவேலைகளும் ஏழைகளுடையவை அல்ல. 1718 என்று ஆண்டு தைக்கப்பட்ட கட்டில் விரிப்பு ஒன்று உண்டு. காகித அச்சின்மேல் மடித்துத் தைத்த அந்த வேலை பட்டில் செய்தது. கம்ப்ரியாவின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் 1708 வாக்கில் செய்ததாகக் கருதப்படும் குயில்ட் இந்தியச் சீட்டித் துணியில் ஆனது.

சீட்டி என்றதும் நம் கடற்கரை வந்துவிடுகிறது. மசூலிப்பட்டினம் முதல் பழவேற்காடு, நாகப்பட்டினம் வரை சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணி அது. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் எத்தனை வெளுப்புக்கும் அசையாது. ஐரோப்பாவில் அப்போது பருத்தியில் அப்படிச் சாயம் நிறுத்தத் தெரிந்தவர் அரிது. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்களின் கூச்சலுக்கு அஞ்சி இங்கிலாந்து நாடாளுமன்றம் 1700இல் ஆசிய வண்ணத் துணிகளின் இறக்குமதியைத் தடுத்தது. 1721இல் சீட்டியை உடுத்துவதையே தடுத்தது. 1774இல்தான் பிடி தளர்ந்தது. பிரான்சில் தடை 1686 முதல் 1759 வரை. இப்படித் தடையிலும் விலையிலும் அருமையாகிப் போன துணியின் துண்டைத்தான் சீமாட்டிகள் பத்திரப்படுத்தினார்கள். நம் கரையில் எழுதிய பூவையும் பறவையையும் ஓரம் பிசகாமல் கத்தரித்து, வெள்ளைத் துணியின்மேல் ஒட்டுவைத்துத் தைத்து, ஒரு கசச் சீட்டியை ஒரு கட்டில் முழுக்கப் பரவ விட்டார்கள். இதையும் சிக்கனம் என்று சொல்லலாம்தான், ஆனால் தங்கத்தைத் தகடாக அடிக்கிறவரின் சிக்கனம் அது. இந்தக் காலத்து வேலைகளில் நடுவே ஒரு பெரிய சித்திரம், சுற்றிலும் அடுக்கடுக்காகக் கரைகள் என்ற அமைப்பே மிகுதி. கட்டங்களை அணிவகுத்து நிறுத்தும் குயில்ட் இன்னும் வழக்கமாகவில்லை.

அது பரவலானது 1830, 40களில். இடையில் நடந்தது துணிவிலையின் வீழ்ச்சி. 1790இல் ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில் சாமுவேல் ஸ்லேட்டர் நூற்பாலை தொடங்கினார். 1793இல் எலி விட்னியின் பருத்தி அரைவை எந்திரம் வந்தது. 1820களில் மாசசூசெட்ஸின் லோவல் ஆலைகள் அச்சுப் பருத்தித் துணியைக் கொட்டித் தள்ளின. இந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளில் கூலியின்றி உழைத்த கறுப்பின அடிமைகளின் முதுகின்மேல்தான் அந்தக் கசக்கணக்கு ஏறியது. வடக்கே ஒரு குடியானவர் மனைவி கடைக்குப் போய்ப் புதுச் சீட்டி நாலைந்து நிறங்களில் வாங்கிவர முடிந்ததற்கு அது ஒரு காரணம். குயில்ட் பெருகிய காலத்தையும் துணி பெருகிய காலத்தையும் பக்கத்தில் வைத்தால், கந்தல் கதையின் காலம் தலைகீழாக இருப்பது தெரியும். துணி அருமையாக இருந்தபோது குயில்ட் அரிது; துணி மலிந்தபோது குயில்ட் மலிந்தது.

மலிவாகத் துணி வாங்கி உடை தைத்தால் வெட்டுத்துண்டும் கூடுதலாக விழும். அதைத்தானே சேர்த்தார்கள் என்று கேட்கலாம். சில குயில்ட்களுக்கு இது பொருந்தும். ஆனால் 1840, 50களின் சிவப்பு-பச்சைக் குயில்ட் ஒன்றை நெருங்கிப் பார்த்தால் கேள்வி தானே உதிரும். வெள்ளைத் தரை, அதில் துருக்கிச் சிவப்பு, கூடவே ஒரே பச்சை. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை அதே சிவப்பு, அதே அச்சுப் புள்ளி. ஒரு வீட்டின் பழந்துணி மூட்டையிலிருந்து இத்தனை கசம் ஒரே சாயத்தில் எப்படிக் கிடைக்கும்? கணக்குப் போட்டு வாங்கி, கணக்குப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். அதே பத்தாண்டுகளில் ஆல்பம் குயில்ட் என்றொரு மோகம் பரவியது. ஊரைவிட்டுப் போகும் தோழிக்கோ, பாதிரியாருக்கோ பெண்கள் ஆளுக்கொரு கட்டம் தைத்து, துணியை அரிக்காத மையால் பெயரெழுதிக் கொடுப்பார்கள். பால்டிமோரில் 1840களின் நடுவிலிருந்து சில ஆண்டுகளுக்குள் இந்த வேலை கண்ணைப் பறிக்கும் உச்சத்தை எட்டியது. இருபது, முப்பது கைகளில் உருவாகும் துண்டுகள் கடைசியில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றால் அளவை முன்கூட்டிப் பேசி முடிவுசெய்திருக்க வேண்டும். அப்படியும் ஒருத்தியின் கட்டம் கொஞ்சம் குறையும், இன்னொருத்தியுடையது மீறும். கட்டங்களுக்கு நடுவே ஓடும் பட்டைகள் அழகுக்கு மட்டும் வந்தவை அல்ல. குறைந்த கட்டத்துக்கு ஈடுகட்டவும் அவை உதவின.

கட்டத்தின் சிறப்பு அதன் அளவில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. பக்கத்துக்கு மூன்றாகப் பிரித்த சதுரம் நைன் பேட்ச். அதே மூன்றில் நடுப்பக்கத்துக் கட்டங்களை இரண்டு மூலைவாட்டத்திலும் பிளந்து முக்கோணங்களாக்கினால் ஓஹாயோ ஸ்டார். பக்கத்துக்கு ஏழாகப் பிரித்தால் கரடிக்கால் என்ற பேர்ஸ் பா. இதைக் கற்றுக்கொள்ள அச்சுப் படம் வேண்டாம், மூன்றின் வடிவங்களுக்கு அளவுகோல்கூட வேண்டாம். வேண்டிய அளவில் ஒரு காகிதத்தைச் சதுரமாகக் கத்தரித்து மூன்றாக மடித்தால் கோடுகள் விழுந்துவிடும். ஏழாக மடிப்பது சிரமம். அதற்கும் வழி உண்டு. 12 அங்குலக் காகிதத்தில் 14 அங்குலக் கோலைச் சாய்வாக, முனைகள் இரண்டும் எதிரெதிர் ஓரங்களில் தொடும்படி வைத்து, இரண்டு இரண்டு அங்குலமாகப் புள்ளி வைத்துக்கொண்டு போனால் ஏழு சம பாகம் கிடைக்கும். பலகையைப் பங்கிடும் தச்சரும் கோலை இப்படித்தான் சாய்ப்பார். ஆகவே வடிவம் வாய்மொழியாகவும் கண்பார்வையாகவும் ஊர்விட்டு ஊர் போயிற்று. அளவு அந்தந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. புதிதாகக் கண்ட வடிவத்தை மறக்காதிருக்க ஒரே ஒரு கட்டம் தைத்துப் பெட்டியில் போட்டுவைக்கும் பழக்கமும் இருந்தது. அந்த மாதிரிக் கட்டத்தின் அளவுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டுக் குயில்ட்களில் ஒரே வடிவம் ஓரிடத்தில் ஏழங்குலத்துக்கும் இன்னோரிடத்தில் பதினான்குக்கும் தென்படுவது இதனால்தான். கட்டத்தைப் பெரிதாக்குவது சிறிதாக்குவது என்று தனியாக ஒரு பிரச்சினை அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்தப் பிரச்சினையைக் கொண்டுவந்தது அச்சு. 1835இல் கோடீஸ் லேடீஸ் புக் என்ற பெண்கள் இதழ் அறுகோண ஒட்டுவேலைக்குப் படம் போட்டது. 1890களில் செயின்ட் லூயியின் லேடீஸ் ஆர்ட் கம்பெனி நூற்றுக்கணக்கான வடிவங்களைச் சின்னப் படங்களாக அச்சடித்த விலைப்பட்டியலை அனுப்பி, அஞ்சலில் வார்ப்புருக்களை விற்றது. 1928இல் கன்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் குயில்ட் வடிவங்களை வெளியிடத் தொடங்கி 1961 வரை நிறுத்தவில்லை. நாளிதழில் வந்ததைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டி, துணிமேல் வைத்து வரைந்து வெட்டலாம். காகிதத்தை மடிக்கும் வேலை மிச்சம். கூடவே, பத்திரிகைப் பத்தியின் அகலத்துக்கு ஏற்ற அளவு வடிவத்தோடு ஒட்டிக்கொண்டது. வேறு அளவில் வேண்டும் என்றவள் இனி மெனக்கெட வேண்டும். அந்த மெனக்கெடலில் பொறி ஒன்று இருக்கிறது.

9 அங்குல நைன் பேட்சை 12 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துண்டுக்கு வெட்டளவு 3½. பெருக்க வேண்டியது மூன்றில் நான்கு பங்கு. வெட்டளவையே பெருக்கினால் 4⅔ அங்குலம் வருகிறது. கால் அங்குலத் தையலில் சேர்த்தால் கட்டம் 12½ ஆகிவிடும். தையலுக்கு விட்ட இடமும் சேர்ந்து வளர்ந்துவிட்டது. தைக்கும் கை வளரவில்லை. கட்டம் மொத்தமும் ஒரே சீராகப் பெருத்தால் எப்படியோ சமாளிக்கலாம். ஒரு பெரிய சதுரத்தின் பக்கத்தில் இரண்டு சின்னச் சதுரங்கள் உட்கார வேண்டிய வடிவத்தில், சின்னவற்றில் தையல் கூடுதல் என்பதால் அவை அதிகமாக வீங்கி, பெரியதைவிட ஆறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டு நிற்கும், முனைகள் சேராது. சரியான வழி, தைத்து முடிந்த அளவை மட்டும் பெருக்கி, தையலிடத்தைக் கடைசியில் கூட்டுவது: மூன்றை நான்காக்கி அரை அங்குலம் சேர்த்தால் 4½. முக்கோணத்தில் கூட்ட வேண்டிய எண் வேறு. சாய்வின் கூர்முனைக்கு இடம் கூடுதலாக வேண்டியிருப்பதால் 3 அங்குல முக்கோணச் சோடிக்கு 3⅞ அங்குலச் சதுரத்தை வெட்டிக் குறுக்கே பிளக்கிறார்கள். காகிதத்தை மடித்து வரைந்தவளுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. கோடு போட்டபின் சுற்றிக் கால் அங்குலம் விட்டு வெட்டுவதே அவள் வழக்கம். தையலிடத்தையும் சேர்த்து அச்சடித்த வார்ப்புருவும், அதைப் பெரிதாக்கும் நகலெடுக்கும் எந்திரமும் வந்தபிறகுதான் இந்தப் பிழை வீடுவீடாகப் போனது.

கந்தல் கதைக்காரர்களிடம் மீதம் இரண்டு வலுவான வாதங்கள் உண்டு. ஒன்று, 1930களின் பெருமந்தம். அப்போது மாவும் கோழித்தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளைப் பிரித்துத் துவைத்து உடையும் குயில்ட்டும் தைத்தார்கள் என்பது முழு உண்மை. ஆனால் அந்தச் சாக்குகளில் பூவும் கட்டமுமாக அச்சிட்டது யார்? பெண்கள் எந்த மூட்டையை எடுப்பார்கள் என்று கணக்குப் பார்த்த வியாபாரிகள். ஏழ்மை நிஜம், அந்த ஏழ்மைக்குள்ளும் சந்தை புகுந்து துணியைத் தேர்ந்து வைத்திருந்தது. கட்ட வடிவமோ அதற்கு நூறாண்டு முன்பே உருவாகிவிட்டிருந்தது.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது: அலபாமாவின் ஆற்று வளைவில் உள்ள ஜீஸ் பெண்ட். அடிமைகளின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் வாழும் ஊர். அங்குள்ள பெண்கள் வெளுத்த வேலைச்சட்டையையும் முட்டி தேய்ந்த ஜீன்ஸையும் பிரித்துத் தைத்த குயில்ட்கள் 2002இல் ஹூஸ்டனிலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கியபோது, நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு எழுதினார்கள். இங்கே இல்லாமையில்தானே கலை பிறந்தது? ஆமாம். அதனால்தான் அந்த வேலைகள் என் வாதத்துக்கே துணை செய்கின்றன என்று நினைக்கிறேன். ஜீஸ் பெண்டில் மிகவும் விரும்பித் தைத்த ஹவுஸ்டாப் என்ற அமைப்பு, நடுவில் ஒரு துண்டில் தொடங்கி, கிடைத்த பட்டைகளைச் சுற்றிச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு வெளியே வளர்கிறது. ஒரு கால்சட்டைத் துணி தீர்ந்த இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. கோடு கொஞ்சம் சாய்ந்தால் சாய்கிறது. துண்டின் நீளமே போர்வையின் அளவைத் தீர்மானிக்கிறது. அங்கும் கட்டம் கட்டமாகத் தைத்தவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. 1972 முதல் சியர்ஸ் என்ற சில்லறை வணிகக் கம்பெனிக்கு கார்டுராய் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தபோது மீந்த துணியிலும் அருமையான வேலைகள் வந்தன. ஆனால் துணி உண்மையிலேயே எஜமானாக இருக்கும் இடத்தில் துல்லியக் கட்டம் விட்டுக்கொடுக்கிறது. அங்குலம் பிசகாத 12 அங்குலக் கட்டத்தைப் பார்த்து ஏழைப் பாட்டியின் கந்தல் மூட்டையை நினைத்துக்கொள்வது, அந்தப் பாட்டி உண்மையில் எப்படித் தைத்தாள் என்பதையும் சேர்த்து மறைக்கிறது.

கந்தல் கதையால் யாருக்கு ஆதாயம் என்று பார்த்தால் கடைக்காரருக்கு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1880களில் தாறுமாறான வடிவில் பட்டுத்துண்டுகளைச் சேர்க்கும் கிரேஸி குயில்ட் பித்து உச்சத்தில் இருந்தபோது, பட்டு ஆலைகள் வெட்டுத்துண்டுகளைப் பொட்டலம் கட்டி அஞ்சலில் விற்றன. மிச்சத்தை மிச்சப்படுத்தியதாகக் காட்டிக்கொள்ள மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். 1933 சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் நடத்திய குயில்ட் போட்டிக்கு 24,000க்கும் மேல் குயில்ட்கள் வந்து குவிந்தன. பெருமந்தத்தின் நடுவில் பெரும்பரிசு ஆயிரம் டாலருக்கும் மேல். அதை வென்ற கெண்டக்கிப் பெண் மார்கரெட் கேடன் அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை, கூலிக்கு வேறு பெண்கள் தைத்தார்கள் என்பது வெகுகாலம் கழித்தே வெளியே தெரிந்தது. பாட்டியின் கைவேலையைப் போற்றுவதாகச் சொன்ன போட்டி, முதல் பரிசைக் கூலி வேலைக்குக் கொடுத்தது.

இன்றைக்கு அளவை நிர்ணயிப்பது வெட்டும் கருவி. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி கொண்டுவந்த உருளும் வட்டக் கத்தி, கண்ணாடி போன்ற அளவுகோலோடு சேர்ந்து வார்ப்புருக்களை மூலைக்குத் தள்ளிவிட்டது. நாலு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் பட்டையாக வெட்டலாம், ஆனால் அந்தக் கோலில் உள்ள கோடுகள் எட்டில் ஒரு அங்குலம் வரைதான். மூன்றால் வகுபடும் வடிவங்கள் 6, 9, 12 என்று உட்கார்ந்துகொண்டன. பத்தங்குல நைன் பேட்சுக்கு ஒரு துண்டு 3⅓ என்பதால் கைவிட்டார்கள். 1990களிலிருந்து கணினி எந்தக் கட்டத்தையும் எந்த அளவுக்கும் நொடியில் மாற்றித் தருகிறது, வெட்டளவுகளையும் அச்சிட்டுக் கொடுக்கிறது. அதில் கரடிக்காலை 12 அங்குலத்துக்கு மாற்றினால் துண்டு 1.714 அங்குலம் என்று வரும். அந்தக் கோடு எந்தக் கோலிலும் இல்லை. ஆகவே ஏழின் வடிவத்தை இப்போது பத்தரை அங்குலத்திலோ பதினான்கிலோ தைக்கிறார்கள். பக்கத்துக் கட்டங்கள் பன்னிரண்டாக இருந்தால், ஓரத்தில் முக்கால் அங்குலப் பட்டை கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள்.